நூறு என்றார்கள், நாற்பதுதான் வருகிறது



வீடு சந்திப்புக்கு வரும்போது உங்களிடமிருந்து என்னென்ன காரியங்களைக் கேட்க நேரிடும் என்பது இத்தனை ஆண்டு ஊழியத்தில் எனக்கு ஓரளவு பழகிப்போயிற்று. உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, வரன் பார்ப்பது, முடியாமல் நீளும் சொத்து வழக்கு. அண்மைக் காலத்தில் அந்த வரிசையில் புதிதாய் ஒன்று சேர்ந்திருக்கிறது. காப்பித் தம்ளர் கைக்கு வருமுன்பே அது வந்துவிடுகிறது. “ஐயா, வீட்டுக்குப் புது நெட் லைன் போட்டோம். நூறு வேகம் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். பார்த்தால் நாற்பதுதான் வருகிறது.”

இது ஒரு வாரச் சிந்தனைக்கு ஏற்ற பொருளா என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் இந்த நாற்பதின் நிமித்தம் வீடுகளுக்குள் எழுகிற பேச்சைக் கேட்டபின், எழுதத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. தகப்பன் மகனுடைய விளையாட்டைக் குறைசொல்கிறார். மகன் தங்கையின் நாடகத்தைக் குறைசொல்கிறான். எல்லாரும் சேர்ந்து, கம்பி இழுத்துக் கொடுத்துவிட்டுப் போன பையனைக் குறைசொல்கிறார்கள். குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கிற வேலை மட்டும் ஒருவராலும் செய்யப்படாமல் அப்படியே கிடக்கிறது. அந்த வேலையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலாவது, வேகம் என்று நாம் எதைச் சொல்லுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் இரைச்சலிட்டு இணைந்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2004-ஆம் ஆண்டின் அரசாணை விநாடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அதற்கு அகலப்பட்டை என்று பெயர் கொடுத்தது. 2013-இல் அது 512 ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட் ஆயிற்று. அந்த அளவுகோலின்படி நாற்பது என்பது பெருஞ்செல்வம். ஆயினும் அதைச் சொல்லி உங்கள் வாயை அடைப்பது என் நோக்கம் அல்ல. நூறுக்குப் பணம் கொடுத்தவர் நூறைக் கேட்பது நியாயமே. அதைக் கேட்குமுன் அளந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அளப்பதில் ஒரு இடறல் உண்டு. நம் சபையில் கணக்கு ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், ஒரு நோட்டுப்புத்தகத்தோடு குருமனைக்கு வந்தார். பத்து நாட்களாகத் தம்முடைய கணினியில் கோப்புகள் இறங்கும் வேகத்தைத் தேதிவாரியாய்க் குறித்திருந்தார். ஒரு நாளும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. “நூறுக்குப் பன்னிரண்டு, ஐயா. எட்டில் ஒரு பங்குதான் தருகிறார்கள். இது மோசடி அல்லவா?” என்றார். அவர் போட்ட கணக்கு மிகச் சரி. அந்த எட்டுதான் விடையும்கூட. இணைப்பை விற்கிறவர்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்லுகிறார்கள். கணினியோ, கோப்பை இறக்கும்போது மெகாபைட்டில் காட்டுகிறது. ஒரு பைட் என்பது எட்டு பிட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வரவே முடியாது. தரவோடு கூடவே செல்லும் முகவரிச் சீட்டுகளுக்குச் சிறிது கழிந்துபோக, பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை வந்தால் முழுப்படியும் வந்துசேர்ந்தது என்று பொருள். பெரியவர் நோட்டை மூடிவிட்டு, “அப்படியானால் ஒரே பொருளுக்கு இரண்டு படி எதற்கு ஐயா?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பெரிய எண் விற்பனைக்கு உதவும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவும் இல்லை.

படியைச் சரிசெய்த பின்னும் குறைவுதான் என்றால், இனி வழியைப் பார்க்கவேண்டும். நீங்கள் கைப்பேசியில் காணும் ஒரு படம் மூன்று சாலைகளைக் கடந்து வருகிறது. தூரத்திலுள்ள சர்வரிலிருந்து உங்கள் நிறுவனத்தின் நிலையம்வரை ஒன்று. நிலையத்திலிருந்து தெருக்கம்பம் வழியாக உங்கள் சுவரில் உள்ள பெட்டிவரை மற்றொன்று. அந்தப் பெட்டியிலிருந்து உங்கள் கைவரை மூன்றாவது. முதல் இரண்டும் நிறுவனத்தின் பொறுப்பு. மூன்றாவது சாலை நம் வீட்டுக்குள் இருப்பது. அதற்குச் சுவர், கதவு, பீரோ, சமையலறை எல்லாம் உண்டு. என்னிடம் வந்த முறையீடுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது சாலையிலேயே முடிந்தன.

எந்தச் சாலை என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. லேன் கேபிள் எனப்படும் கம்பி ஒன்றைக் கொண்டு மடிக்கணினியை நேராக அந்தப் பெட்டியில் இணையுங்கள். கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டிலுள்ள மற்ற கருவிகள் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் நிறுத்திவையுங்கள். இப்போது வேகத்தை அளந்து பாருங்கள். கம்பியில் 95 வந்து, படுக்கையறையில் 30 வந்தால், உங்களுக்கு விற்கப்பட்டது உங்கள் வாசல்வரை வந்துவிட்டது. கம்பியிலேயே 30 என்றால் வெளியே பார்க்கவேண்டும். இந்த ஒரு சோதனை செய்யாமல் யாரையும் குற்றப்படுத்தாதிருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அந்த வீட்டு அம்மாவுக்குக் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல மாதங்களாகப் படுக்கைதான். ஒரே மகள் இங்கிலாந்தில் செவிலியராக வேலை செய்கிறாள். இரவு ஒன்பதரைக்கு அவள் அழைப்பாள். அந்த அரைமணி நேரம்தான் அம்மாவுக்கு நாள் முழுவதும். அதற்காகவே மகன் 200 மெகாபிட் திட்டத்தில் புது இணைப்பு வாங்கினார். ஆனால் அழைப்பு வந்த சில நிமிடங்களில் மகளின் முகம் அப்படியே உறைந்துவிடும். குரல் துண்டு துண்டாகும். மகள், “நாளைக்குப் பேசலாம் அம்மா” என்று வைத்துவிடுவாள்.

நான் சந்திக்கப் போன அன்று அந்த அம்மா இணையத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அவளுக்கு இப்போதெல்லாம் என்னோடு பேச நேரமில்லை ஐயா. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு சிரிப்புக்கூட இல்லை” என்றார். உறைந்துபோன படத்தில் சிரிப்பு எப்படி வரும்? நல்லது, அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டே யோசிக்க நேரம் அதிகம்.

மகனோ நிறுவனத்தின்மேல் கோபமாயிருந்தார். ஏற்கெனவே மூன்று முறை புகார் கொடுத்திருந்தார். நான்காவது முறையாக வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். அவன் வந்த நேரத்தில் நானும் அங்கே இருந்தேன். வாசலிலேயே மகன், “சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகிறதற்கு வரவேண்டாம்” என்றார். அந்தத் தம்பி பதில் பேசவில்லை. முன்னறையில், கம்பி உள்ளே நுழையும் மூலையில், இரும்பு பீரோவின் பின்னால் ரௌட்டர் இருந்தது. அதன் அருகே நின்று மருமகளின் புதுக் கைப்பேசியில் அளந்தான். 190 வந்தது. பிறகு அந்தக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனான். 7 வந்தது.

அந்த வீட்டைக் கட்டியவர் அம்மாவின் மாமனார். ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர்கள். கோடையில் எத்தனை குளிர்ச்சியோ, வைஃபைக்கு அத்தனை தடை. இப்போதுள்ள ரௌட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் என்பது வேகமானது, ஆனால் சுவரைக் கடப்பதில் பலவீனமானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கின்றன. ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் ஏறத்தாழ அதே அலைவரிசையில்தான். இரும்பு பீரோ அலையைத் திருப்பியடிக்கும். மீன்தொட்டித் தண்ணீர் அலையைக் குடித்துவிடும். அம்மாவின் அறைக்கும் அந்த மூலைக்கும் நடுவே இரண்டு சுவர்களும் ஒரு பீரோவும் இருந்தன.

கடைக்காரர் ஒருவர் மகனுக்குச் சொல்லியிருந்த தீர்வு, 500 மெகாபிட் திட்டத்துக்கு மாறுவது. இப்படிப்பட்ட ஆலோசனையைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாயிருக்கிறது. வாசலில் இருநூறு நிற்கிறது. அது அறைக்குள் நுழைய வழியில்லை. வாசலில் ஐந்நூறைக் கொண்டுவந்து நிறுத்துவதால் அறைக்குள் என்ன மாறும்? இன்னொருவர் ரிப்பீட்டர் வாங்கி அம்மாவின் அறையிலேயே மாட்டச் சொல்லியிருந்தார். ரிப்பீட்டர் தனக்குக் கேட்பதைத் திரும்பச் சொல்லும் கருவி. அலை வந்து சேராத அறையில் அதை மாட்டினால் திரும்பச் சொல்ல அதற்கு ஒன்றும் இராது. பாதி வழியில் மாட்டினால் உதவும். அப்போதும் கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

தம்பி சொன்னது வேறு. சுவரோரமாக லேன் கேபிள் இழுத்து, அம்மாவின் அறைவாசலில் சிறிய இரண்டாவது ரௌட்டர் ஒன்றை வைக்கலாம் என்றான். அது அவனுடைய வேலையில் சேராத காரியம். ஆனாலும் மறுநாள் மாலை தன் சொந்த நேரத்தில் வந்து செய்துகொடுத்தான். கேபிள் இழுத்தாயிற்று, முனைகள் மாட்டியாயிற்று, மடிக்கணினியை அதில் இணைத்து அளந்தார்கள். 94 வந்தது. மகனின் முகம் மறுபடியும் மாறியது. “அங்கே நூற்றுத் தொண்ணூறு, இங்கே தொண்ணூற்று நான்கா?” தம்பி சிரித்தான். “தொண்ணூற்று நாலு வந்தாலே கம்பிதான் அண்ணே.”

இந்தத் தொண்ணூற்று நான்கை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லேன் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கின்றன. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். அதற்கு மேல் ஆயிரம் வரை போகவேண்டுமானால் நான்கு ஜோடியும் வேண்டும். அந்தக் கூடுதல் இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலோ, முனையில் சரியாகப் பதியாமல் போனாலோ, பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோவதில்லை. சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடுகிறது. நூறில் முகவரிச் சீட்டுகளுக்கான கழிவு போக அளவியில் தெரிவது தொண்ணூற்று நான்கு அல்லது அதற்கு மிக அருகில். 200, 300 என்று வாங்கியிருக்கிற வீட்டில் இந்த எண் அசையாமல் நின்றால், நிறுவனத்தை அழைக்குமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள். அல்லது கருவியின் துளையே நூறோடு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். விலையுயர்ந்த தொலைக்காட்சிகள் பலவற்றில்கூட அந்தத் துளை நூறுக்கு மட்டும்தான்.

தம்பி முனையை வெட்டினான். எட்டுக் கம்பிகளையும் நிறவரிசைப்படி நேராக்கி, புதிய முனையில் செருகி, கிரிம்பிங் இடுக்கியால் அழுத்தினான். 191 வந்தது.

அப்படியும் அம்மாவின் பழைய டேப்லெட்டில் அளந்தபோது 45தான் வந்தது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்த, ஒற்றை ஆன்டெனாக் கருவி. அவ்வகைக் கருவி ரௌட்டரோடு பேசிக்கொள்ளும் உச்ச வேகமே 72 மெகாபிட். நடைமுறையில் அதில் பாதிக்குச் சற்று மேலே கிடைத்தால் அது தன் முழுப்பலத்தோடும் ஓடுகிறது. மகன், “இதற்கும் ஏதாவது செய்யமுடியுமா?” என்று கேட்டார். செய்யவேண்டியதில்லை. முகம்பார்த்துப் பேசும் அழைப்புக்கு இரண்டு மூன்று மெகாபிட் போதும். அது தடையின்றி, இரண்டு பக்கமும், ஒரே சீராய்ப் போகவேண்டும் என்பதுதான் முக்கியம். முன்பு அந்த அறையில் கிடைத்த ஏழு, எண்ணில் குறைவானதல்ல. அது ஒரு விநாடி பத்தாகவும் மறுவிநாடி பூச்சியமாகவும் இருந்ததுதான் தொல்லை. வேக அளவி சராசரியை மட்டுமே சொல்லும். அந்த இடைவெளிகளைச் சொல்லாது.

அன்று இரவு அழைப்பு ஐம்பது நிமிடம் நீடித்ததாக மகன் பிறகு தெரிவித்தார். அதில் ஒரு செய்தி எனக்கு முக்கியமாய்ப் பட்டது. மகளும் இத்தனை மாதமாய், அம்மா தன்னிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை, வெளிநாடு போனதற்காக இன்னும் மனத்தாங்கலாயிருக்கிறார் என்றே எண்ணி வந்தாளாம். அவள் பக்கத்துத் திரையிலும் அம்மாவின் முகம் உறைந்துதானே நின்றிருக்கும். இருவரும் ஒருவரிடம் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

எல்லா வீட்டிலும் சுவர்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. வெளிச்சாலையிலும் பழுதுகள் உண்டு. இப்போது நம் ஊர்களுக்கு வருகிற கம்பி பெரும்பாலும் ஃபைபர். தலைமயிர் அளவுள்ள கண்ணாடி இழையில் ஒளி ஓடுகிறது. கண்ணாடி இழை வழியாகத் தொலைதூரத்துக்குச் செய்தி அனுப்ப முடியும் என்று 1966-இல் சார்ல்ஸ் காவ் என்பவர் கணக்கிட்டுக் காட்டினார். அதற்கான நோபல் பரிசு 2009-இல்தான் அவருக்கு வந்தது. அந்த ஒளி உங்கள் வீட்டுப் பெட்டியைச் சேரும்போது எவ்வளவு மங்கலாய் இருக்கும் தெரியுமா? டிபிஎம் என்ற அளவில் மைனஸ் 20 என்று பெட்டி காட்டினால், அது ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. அது நல்ல அளவு. ஒவ்வொரு மூன்று எண் இறங்கும்போதும் ஒளி பாதியாகிறது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். அப்போது பிழைகள் மிகும், இணைப்பு அடிக்கடி அறுந்து சேரும். ஆணியில் சுற்றிக் கூர்மையாய் மடக்கிய இழை, சன்னல் கதவில் நசுங்கும் இழை, முனையில் படிந்த தூசி, அணில் கடித்த இடம், இவையெல்லாம் ஒளியைக் கசியவிடும். பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாய் எரிந்தால் ஒளியே வரவில்லை. அந்த இழையின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததினால் ஆபத்தில்லை என்றாகாது.

மாலையில் மட்டும் மந்தம், விடியற்காலையில் சரி என்றால் காரணம் வேறு. தெருவுக்கு வரும் ஒற்றை இழையை ஸ்ப்ளிட்டர் என்ற சிறு கருவி முப்பத்திரண்டாகவோ அறுபத்து நான்காகவோ பிரிக்கிறது. பரவலாய் உள்ள முறையில் அந்த ஒற்றை இழை கொண்டுவருவது சுமார் 2500 மெகாபிட். முப்பத்திரண்டு வீடும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால் ஆளுக்கு எழுபத்தெட்டு. அப்படி எல்லாரும் ஒரே விநாடியில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையின்மேல்தான் இந்த ஏற்பாடு நடக்கிறது. இரவு எட்டு முதல் பத்துவரை அந்த நம்பிக்கை சில தெருக்களில் பொய்த்துவிடுகிறது. நிறுவனம் தன் நிலையத்திலிருந்து வெளியே செல்லும் பெருவழியைப் போதிய அகலமாய் வைத்திருக்காவிட்டாலும் இதே அடையாளம்தான் தெரியும். “100 வரை” என்று விளம்பரத்தில் இருக்கும் அந்த ‘வரை’ இங்கேதான் ஒளிந்துகொள்ளுகிறது. சிறு எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் அந்தச் சொல்லை நாமும் வாசிக்கவேண்டும். ஆனால் நாள்தோறும் இருபதுக்குக் கீழே நிறுத்திவிட்டு ‘வரை’ என்று சொல்லித் தப்புவது நேர்மையல்ல என்பதே என் எண்ணம்.

அளவியையும் சற்று ஐயத்தோடு பாருங்கள். பல அளவிகள் உங்களுக்கு மிக அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும். அது பலமுறை உங்கள் நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். வீட்டு முற்றத்தில் ஓடிப் பார்த்துவிட்டு நெடுஞ்சாலையின் வேகத்தைச் சொல்வதுபோல அது. வெவ்வேறு சர்வர்களில் இரண்டு மூன்று முறை அளந்து பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் ‘மைஸ்பீட்’ செயலியும் இதற்கு உண்டு. ஒரே ஒரு தளம் மட்டும் மந்தம் என்றால் குறை அந்தத் தளத்தினிடத்தில்தான். இன்னும் ஒன்று. கண்ணாடிக்குள் ஒளியே விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து கடலுக்கடியில் சிங்கப்பூர் சேர சுமார் 3000 கிலோமீட்டர். போய்வர ஒரு விநாடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். எந்தத் திட்டத்துக்கு மாறினாலும் அது குறையாது.

வீட்டுக்குள் ஓசையில்லாமல் உண்கிறவர்களையும் எண்ணிப் பாருங்கள். இரவில் புகைப்படங்களை மேலேற்றும் கைப்பேசி, தன்னைத்தானே புதுப்பிக்கும் கணினி, இடைவிடாமல் அனுப்பும் கண்காணிப்புக் கேமரா. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். பழைய கருவி ஒன்று மெதுவாய்ப் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் அதுவரை காத்திருக்கவேண்டும். மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால், திட்டத்தின் மாத வரம்பு தீர்ந்ததா என்று பாருங்கள். 3300 ஜிபி பெரிய அளவுதான். ஆனால் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கடவுச்சொல் கொடுத்திருக்கிற வீடுகள் நம்மிடையே உண்டு. கொடுத்ததைக் குறைசொல்லமாட்டேன். கொடுத்ததை மறந்துவிட்டு நிறுவனத்தோடு வழக்காடாதிருங்கள்.

ஞாயிறு ஆராதனையின் நேரலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வீட்டைவிட்டு வரமுடியாதவர்கள் படம் கலங்கலாயிருப்பதாகச் சொல்லும்போது, உங்கள் இணைப்பில் குறையென்று உடனே முடிவு செய்யாதிருங்கள். ஒளிபரப்புகிற நமக்குத் தேவைப்படுவது மேலேற்றும் வேகம். தெளிவான படத்துக்குச் சீராக ஐந்தாறு மெகாபிட் மேலே போகவேண்டும். அதற்காகவே ஆலயத்திலுள்ள கேமராக் கணினியைக் கம்பியிலேயே வைத்திருக்கிறோம். ஆராதனை நேரத்தில் அந்த வைஃபையைப் பிறர் பயன்படுத்தவேண்டாம் என்று வாலிபர்களைக் கேட்டுக்கொண்டதும் அதன் நிமித்தமே. எல்லா வீடுகளிலும் ஒரே நிமிடத்தில் கலங்கினால் பழுது எங்களிடத்தில். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் மேற்சொன்னபடி கம்பியில் தொடங்குங்கள்.

இவையெல்லாம் பார்த்தும் கம்பியிலேயே வேகம் குறைவு என்றால் தயங்காமல் முறையிடுங்கள். அது உங்கள் உரிமை. 2012-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் ஒரு பதிவு எண் தரவேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய்க்கு நேரே எழுதிப் பயனில்லை. தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. அதற்குமேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

“நெட் வரவே இல்லை, ஏமாற்றுகிறீர்கள்” என்று சொல்வதைவிட இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “100 திட்டம். ஒரே கணினி, கம்பி வழியாக அளந்தது. திங்கள் காலை ஆறு மணிக்கு 95, இரவு ஒன்பதரைக்கு 22. செவ்வாய் 94, 19. புதன் 95, 24. ஒளியின் அளவு மைனஸ் 21.” இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். இந்த எண்களைக் கேட்ட மறுமுனைக்காரர் ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்லி உங்களை அனுப்பிவிட முடியாது. வெயிலில் கம்பம் ஏறி இறங்கி வருகிற பையனுக்கு முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். ஏணியைச் சாய்க்குமுன் அந்தத் தாளையும் அவன் கையில் கொடுத்துவிடுங்கள். எந்த முனையில் தொடங்கவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.